மேட்டுத் தோட்டத்துக் கோஷு

கோபே
2009 ஏப்ரல் 9

யசுனோரி அவர்களுக்கு,

ஊர் முழுக்கச் சின்ன மீனை இஞ்சியும் சோயாவும் போட்டுக் காய்ச்சிய வாசம் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அங்கே பீச் மரங்கள் பூத்திருக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒன்பது பேர் உட்காரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். முதலாளி தகிகவா அம்மாள் மீன் வெட்டுவார். மற்றதெல்லாம் என் தலையில்.

எழுத வைத்தது ஒரு பாட்டில் ஒயின். சிரிக்காதீர்கள். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் போன வாரம் கொண்டுவந்தார்.

"மிச்சியோ, ஒரு வாய் குடிச்சுப் பாரு. உங்க ஊரு சரக்கு."

"எங்க ஊரு சரக்கு எனக்குத் தெரியாதாங்க? துக்க வீட்டுல பெரிய பாட்டிலச் சாய்ச்சு டீக்கிண்ணத்துல ஊத்துவோம். ஊறுகாயக் கடிச்சாத்தான் உள்ளயே இறங்கும்."

"அது உங்க அப்பா காலத்துச் சரக்கு. நீ குடி, அப்புறம் பேசு."

குடித்தேன். முதலில் நாரத்தைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம். பிறகு வாயில் தண்ணீர் மாதிரி லேசாக ஓடியது. பச்சை மீனை ஒரு துண்டு வாயில் போட்டேன், மீன் வாடை துளிகூட எழவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கசப்பு நின்றது. அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோஷுத் திராட்சையைத் தோலோடு மென்று துப்புவோமே, அதே கசப்பு. கடையில் ஆள் இருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாட்டிலில் ஒட்டிய சீட்டில் 'கோஷு, கட்சுநுமா, மேட்டுத் தோட்டம்' என்று மட்டும் இருந்தது. அது யாருடைய திராட்சை என்று விசாரித்து எழுத முடியுமா? நம் வீட்டில் கோஷு இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஹகிஹரா மிச்சியோ


கட்சுநுமா
2009 ஜூன் 28

மிச்சியோவுக்கு,

மழைக்காலம் விடுகிற பாடாக இல்லை. பதிலுக்கு இரண்டு மாதமானதற்கு மன்னித்துக்கொள். நாலு தடவை எழுதி நாலையும் கிழித்தேன்.

நீ குடித்தது நம் வீட்டுத் திராட்சை. மேட்டுத் தோட்டத்தில் நான் நட்ட பிரெஞ்சுக் கொடிகளை இந்த மழை ஐந்து வருடம்கூட வாழ விடவில்லை. பழுக்கிற நேரத்தில் குலை குலையாக அழுகின. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோயில்லாத கோஷுக் குச்சிகள் வாங்கி நட்டேன். பழையபடி பந்தல்தான். போன இரண்டு வருடமாகக் கோயில் பக்கத்துக் கிடங்கில் அதைத் தனியாக எடுத்து ஒயின் செய்கிறார்கள். கிடங்குக்காரப் பையன் முதல் கிளாஸை எனக்குக் கொடுத்தபோது, இதைக் குடிக்க வேண்டியவள் இங்கே இல்லையே என்று நினைத்தேன். அது கோபே வரைக்கும் தேடி வந்திருக்கிறது.

இப்போது குலைகளுக்குக் காகிதக் குடை மாட்டும் வேலை. குலைக்கு ஒன்று. அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கியபடி இருபதாயிரம் குடை. ஒற்றை ஆளாகச் செய்வதில் கழுத்து போயே போய்விட்டது. அடுத்த தோட்டத்து ட்சுருதா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறான்: "என்னப்பா, வீட்டுக்காரி ஓடிப்போயி, வீட்டோட மாப்பிள்ளை வீட்டக் காக்குற அதிசயத்த இங்கதான் பாக்கணும் போல." "ஆமாடா, டிக்கெட் வாங்கிட்டுப் பாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? பிறந்த வீட்டுப் பெயரை விட்டு உன் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு வந்தவன் நான். உன் வீட்டுச் சாமி மாடத்துக்குத் தினமும் சோறு வைப்பதும் உன் வீட்டுக் கல்லறையைக் கழுவுவதும் இந்த ஹகிஹராதான்.

அக்டோபர் பத்து வாக்கில் அறுவடை. ஒரு நாளைக்காவது வா. உன் கையால் ஒரு குலை அறுத்தால் போதும்.

யசுனோரி


கோபே
2009 ஆகஸ்ட் 3

அன்புள்ள யசுனோரிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கழுத்துக்கு மருந்துப் பட்டை பத்து அனுப்பியிருக்கிறேன். குளித்த பிறகு ஒட்டுங்கள், முன்னால் அல்ல. உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒயின் பைத்தியம் பிடித்திருக்கிறது. பிரான்ஸ், இத்தாலி எல்லாம் வேண்டாம், நம் நாட்டுத் திராட்சை எதுவோ அதை மட்டும் வாங்கிப் பார்க்கிறேன். கோடையில் எல்லோரும் விலாங்கு மீன் தின்கிற நாளன்று பெய்லி என்கிற சிவப்பு ஒயினைத் திறந்தோம். மூக்கில் குழந்தைகள் தின்கிற ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசம். தகிகவா அம்மாள் முகத்தைச் சுளித்து, "இது ஒயினா, சின்னப் புள்ளைங்களுக்கு வாங்கின சிரப்பா?" என்றார். சோயாவில் தோய்த்துச் சுட்ட விலாங்கோடு குடித்த பிறகு வாய் மூடிக்கொண்டது. மறுநாள் அவரே ஆறு பாட்டில் வரவழைத்தார். வடக்கே காட்டில் தானாகப் படர்கிற மலைத் திராட்சையில் செய்தது ஒன்று கிடைத்தது. கறுப்பு மை, புளிப்பில் பல் கூசியது. "உங்க ஊர்ப் பொம்பளைங்க மாதிரி" என்றார் இன்ஜினியர். என்னைத்தான் சொல்கிறார்.

ஐம்பது வயதுவரை கோஷுவுக்கு நடுவில் வாழ்ந்துவிட்டு, அது என்ன என்று கோபேயில் வந்து தெரிந்துகொள்கிறேன். சிரிப்பாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. சாயங்காலம் கடை திறப்பதற்கு முன் ஒரு விரல் அளவு ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டு நினைவு வருகிறது. உங்கள் நினைவும்தான்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஜனவரியில், நான் அவர் கட்டிலை விட்டு அசையாமல் இருந்தபோது, அவருடைய தாத்தா போட்ட கோஷுப் பந்தலை ஏன் வெட்டினீர்கள்? அன்றைக்கு ஊரார் முன்னால் கத்திக் கேட்டேன். இப்போது கத்தவில்லை. எதுவாக இருந்தாலும் உண்மையை எழுதுங்கள். எழுதினால் அறுவடைக்கு வருகிறேன். வந்தால் திரும்பிப் போக மாட்டேன்.

மிச்சியோ


கட்சுநுமா
2009 செப்டம்பர் 6

அன்புள்ள மிச்சியோவுக்கு,

காலையில் கொஞ்சம் குளிர் தட்டுகிறது. திராட்சைக்கு நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் முழு ஊதா இல்லை, கன்னம் சிவந்த மாதிரி இருக்கிறது. பட்டைகள் நன்றாக வேலை செய்தன. குளித்த பிறகுதான் ஒட்டினேன்.

நீ கேட்டதற்குப் பதில். அது என் பேராசை. அந்தக் காலத்தில் எல்லோரும் பிரெஞ்சுக் கொடி, பிரெஞ்சுக் கொடி என்று பறந்தார்கள். கோஷு ஒயினை யாரும் மதிக்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் நானும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மாமா படுத்திருந்தார், நீ ஆஸ்பத்திரியில். தடுக்க ஆள் இல்லை என்று வெட்டிவிட்டேன். அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. அவர் அந்தத் துக்கம் தாங்காமல் பத்து நாளில் போய்விட்டார் என்று நீ அன்று சொன்னதை நான் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. முழுத் தப்பும் என்னுடையது. வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை.

உண்மையை எழுதிவிட்டேன். இனி நீ சொன்ன சொல். உன் அறைக்குப் புதுப் பாய் போட்டிருக்கிறேன், ஜன்னல் காகிதத்தை மாற்றியிருக்கிறேன். உன் உயரத்துக்குப் பந்தலில் இரண்டு வரிசையைத் தாழ்த்திக் கட்டினேன், நீ கை தூக்கிக் கஷ்டப்பட வேண்டாம். எந்த ரயில் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனில் நிற்பேன். அந்த ரயிலில் வராவிட்டால் அடுத்ததற்கும் நிற்பேன்.

யசுனோரி


கோபே
2009 செப்டம்பர் 24

அன்புள்ள யசுனோரிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும், இந்தத் தடவையாவது வேறு மாதிரி எழுதியிருக்காதா என்று பார்த்தேன்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நீங்கள் டாக்டரை வாசல் வரை விடப் போனீர்கள். அப்பா ஜன்னல் வழியாக வெறும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களைத் திட்ட வாயெடுத்தேன். என் கையைப் பிடித்தார்.

"அவனத் திட்டாத. நான்தான் வெட்டச் சொன்னேன். ரெண்டு வருசமா இலை சுருண்டு சிவந்துபோச்சு, பழத்துல இனிப்பே ஏறல. விட்டா ஊருக்கே பரவிடும். எங்க தாத்தா போட்ட பந்தல நானே வெட்டினேன்னு இருந்தா, மேல போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரப் பாப்பேன்? உங்கிட்டச் சொன்னா நீ மரத்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிப்ப. அவன் வெளியேருந்து வந்தவன், பழியத் தாங்கிக்குவான். சத்தியம் வாங்கியிருக்கேன். நீயும் அவன்கிட்டக் கேட்டுக்காத."

அன்றிலிருந்தே எனக்குத் தெரியும்.

அப்பா போன பிறகு நாற்பத்தொன்பது நாள் காத்திருந்தேன், நீங்களாக வந்து சொல்வீர்கள் என்று. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் ஊரார் முன்னால் உங்களைக் கொலைகாரன் என்று கத்தினேனே, அது கோபத்தில் இல்லை. அதைக் கேட்டால் பொறுக்க முடியாமல் வாயைத் திறப்பீர்கள் என்றுதான். நீங்கள் பாயில் நெற்றி படக் குனிந்து, "என் தப்புதான்" என்றீர்கள். மறுநாள் நான் ரயில் ஏறினேன்.

தெரிந்தும் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு கட்டிலில் இருபத்தாறு வருடம் படுத்தவனே என்னிடம் சொல்லவில்லை, நான் எதற்கு வழிய வேண்டும் என்ற பிடிவாதம். உங்களைப் பற்றி ஊர் பேசியதற்கெல்லாம் நான்தான் காரணம். அதற்கு இந்தக் கடிதத்தில் தலைகுனிகிறேன். ட்சுருதாவிடம் நீங்கள் படித்தே காட்டலாம்.

ஆனால் வரமாட்டேன். ஆகஸ்டில் அந்தக் கேள்வியை எழுதியபோது என் பெட்டி பாதி கட்டியிருந்தது. கேட்டவள் உயிரோடு இருக்கிறேன், சத்தியம் வாங்கியவர் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. அப்போதும் அவர் பக்கம்தான் நின்றீர்கள். அழகாகப் பொய் எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பாய் மாற்றிப் பந்தலைத் தாழ்த்தியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு வந்தால் நான் மறுபடியும் அப்பாவின் மகளாகத்தான் வர முடியும்.

வீடு உங்களுடையது, கடைசிவரை இருங்கள். அறுவடைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக அறுத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனில் நிற்க வேண்டாம். இந்த வருட ஒயின் வந்தால் கடைக்கு வாங்குவோம், அதைக் குடிப்பேன்.

எங்கள் அப்பாவுக்கு வாய்த்த மாதிரி ஒரு மருமகன் இந்த நாட்டில் யாருக்கும் வாய்த்திருக்க மாட்டான். எனக்குத்தான் புருஷன் வாய்க்கவில்லை.

மிச்சியோ