பெரியம்மா விற்ற பதக்கக் கடிகாரம்

என் செல்ல மகளுக்கு,

அம்மாவும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, முகம் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இந்தப் பேனாவைத் திறந்தேன். போன கடிதத்தில் முழங்கால் வலி என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே வானிலைக்குப் போய்விட்டாய். அந்த ஒரு வரியை நான் இருபது தடவை படித்திருப்பேன். டாக்டரிடம் காட்டினாயா, இல்லையா, அதை மட்டும் மறைக்காமல் எழுது. அப்பா வழக்கம் போலத்தான், குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று தானே ரிப்பேர் பார்க்க உட்கார்ந்து, இப்போது சமையலறைக் குழாயும் சேர்ந்து சொட்டுகிறது. ஆள் கூப்பிடலாம் என்றால் கோபம் வருகிறது. அதை விடு. நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை அறுந்துவிடும்.

ஏலக்கூடத்தில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பழம்பொருளுக்கும் விவரக் குறிப்பு எழுதிப் பட்டியலில் சேர்ப்பது. கொண்டு வருகிறவர் பெயரை எங்களிடம் சொல்ல மாட்டார்கள், பொருளும் ஒரு எண்ணும் மட்டும்தான் பின்னறைக்கு வரும். போன மாதம் ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், நான் சுருட்டிய காகிதத்தைப் பிரிக்கிறேன், உள்ளே உன் தாத்தாவின் பதக்கக் கடிகாரம். கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடுகிற மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கடிகாரம். விளிம்பு முழுக்கக் கடுகளவு முத்துகள். மூடியின் மேல் எனாமலில் தீட்டிய ஓர் ஏரி, ஒரு படகு, கரையில் ஒரு வீடு. உன் தாத்தா மருந்துக்கடை வைத்திருந்த காலத்தில், பெரியம்மா பிறந்த வருஷம் எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கியது. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் இழுப்பறையைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டுவார். கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்து நானும் அக்காவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்த ஏரியைப் பார்ப்போம். பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் லேசாக அசைகிற மாதிரி இருக்கும், மருந்து வாசனை கூட மறைந்து வேறு ஏதோ ஈர வாசனை வரும். சத்தியமாகச் சொல்கிறேன், வரும்.

பெரியம்மாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆனது இந்தக் கடிகாரத்தால்தான், அது உனக்கு அரைகுறையாகத் தெரியும். தாத்தா காலமான மறுநாளே, யாரும் உட்கார்ந்து பேசுவதற்குள், அவள் இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் நாலு பேர் முன்னால் அவளைத் திருடி என்று சொன்னேன். அவள் பதில் பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். அந்தக் கடிகாரம் இப்போது எண் நாற்பத்தேழு என்ற சீட்டோடு என் மேஜையில். என்னை விட்டுப் போன பொருள் என்னிடமே குறிப்பு எழுதச் சொல்லி வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய. லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். மேலே மின்விசிறி சுற்றுகிறது, பேக்கிங் தாள்கள் சிறகு மாதிரி படபடக்கின்றன, ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேனா, கிழக்கு ஜன்னலில் இருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. சாவி கொடுத்தேன், ஓடியது. காதில் வைத்தால் தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி. எங்கள் கடிகார நிபுணர் வந்து தோளைத் தட்டி, "என்னம்மா, உள்ள இறங்கிட்டீங்களா?" என்று கேட்டபோது சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையால் தீட்டிய எனாமல், முத்து ஒன்று இல்லை, ஓட்டம் நாளுக்கு இருபது நிமிடம் பின்தங்கும், ஏழு மணிப் பக்கம் விளிம்பில் எனாமல் பெயர்ந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை. அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் என் கை நின்றுவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல் ஒரு புதன்கிழமை நானே இழுப்பறையைத் திறந்தேன், கை தவறித் தரையில் விழுந்தது. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தாத்தா நேராக அக்காவைத்தான் கேட்டார், பெரியவள் என்றால் அப்படித்தானே. அவள் இல்லை இல்லை என்று அழுதும் நம்பவில்லை, ஒரு வருஷம் அவளைத் தொட விடவில்லை. அந்த ஒரு வருஷமும் நான் மட்டும் தனியாக ஜன்னலில் உட்கார்ந்து ஏரி பார்த்தேன். திருடி என்று அவளைச் சொன்னவள் நான். குறிப்பில் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதி அனுப்பினேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் குறடைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாரு, பேசிடு, அவ்வளவுதான்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

நான் போகவில்லை. அவளே வந்தாள். ஏலத்துக்கு முந்தின நாள் சேகரிப்பாளர்கள் வந்து பொருள்களைப் பார்க்கிற நாள். நான் ஒரு கட்டுப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைகிறேன், நாற்பத்தேழாம் எண் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தைப் பெட்டிக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு. முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். என் காலடியைக் கேட்டே, "சின்னதா?" என்றாள். என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. ஏன் விற்கிறாய் என்று கேட்டேன், அதுதான் பதினோரு வருஷத்துக்குப் பிறகு என் முதல் பேச்சு. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம், ஓரத்தில் மட்டும்தான் தெரியுமாம். "ஏரி இருக்கிற இடத்துல ஒரு சாம்பல் வட்டம்தான்டி தெரியுது. பாக்க முடியாததை இழுப்பறைக்குள்ள அடைச்சு வச்சு என்ன பண்ண, பாக்கிறவங்க யாராவது வச்சுக்கட்டும்" என்றாள். எனக்குக் கொடுத்திருக்கலாமே என்றேன். "நீ மூஞ்சியில விட்டெறிவே" என்றாள். எறிந்துதான் இருப்பேன். பிறகு அவளே சொன்னாள், "அன்னைக்கு எடுத்தது தப்புதான். கேட்டிருந்தா நீ உடனே குடுத்திருப்பே. அப்புறம் ஆயுசுக்கும் குடுத்தவளா நிப்பே. அதான் கேக்கல."

அப்போதுதான் நான் சொன்னேன், கீழே போட்டது நான்தான் என்று. அவள் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் நான் மனதுக்குள் நினைத்து வைத்திருந்தேன். அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! "ஒரு வருஷம்டி! ஒரு வருஷம் என்னைத் தொட விடல! நீ ஜன்னல்ல உக்காந்து என்னைப் பாத்து சிரிச்சே, எனக்கு ஞாபகம் இருக்கு!" என்று கூடமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அறுபத்தேழு வயது மனுஷி பதிமூன்று வயதுக்காரியாகி நிற்கிறாள். திருடி என்று சொன்னதற்குப் பேசாமல் போனவள் இதற்குப் பேசு பேசென்று பேசினாள். நான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மகளே, நம்ப மாட்டாய், அவ்வளவு திட்டையும் கேட்கக் கேட்க என் நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. மூச்சு வாங்கி முடித்ததும் பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே, "சரி, எடுத்து எனக்குச் சொல்லு, என்ன தெரியுதுன்னு" என்றாள்.

பெட்டியைத் திறந்து கடிகாரத்தைத் துணியில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் கரையோரம் பச்சை, நடுவில் நீலம், தூரத்தில் பால் மாதிரி வெளுப்பு. படகில் ஒருவன், துடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், அதிலிருந்து மூன்று சொட்டு விழப் போகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சுற்றிலும் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது, நிமிர்ந்தால் நாலைந்து சேகரிப்பாளர்கள் பட்டியலை மடித்து வைத்துவிட்டு நிற்கிறார்கள். அதில் ஒருவர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, நாங்கள் அவரை இரட்டைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம், காலையில் அந்தக் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் அணு அணுவாகப் பார்த்தவர். அப்போது அக்கா, "கரை வீட்டு ஜன்னல்ல பச்சை உடுப்புப் போட்டு ஒரு பொண்ணு நிப்பாளே, அவ இருக்காளா?" என்றாள். நான் பார்த்தேன். ஜன்னலில் முடி அகலத்துக்கு ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். பெண் எப்போதுமே இருந்ததில்லை போலிருக்கிறது. "நிக்கிறா அக்கா" என்றேன். குரல் எனக்கே சரியாக வரவில்லை. அவள் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. உடனே அந்த இரட்டைக் கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்து, "ஆமாம்மா, கையை ஜன்னல் கட்டை மேல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார். அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். ஒரு சேகரிப்பாளர் வாங்க நினைக்கிற பொருளில் இல்லாததை இருக்கிறதென்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை வரைக்கும் பொருளைக் கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கூடத்து விதி அப்படி. கேட்டேன். வேண்டாம் என்றாள். ஏலத்தில் நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நாற்பத்தேழு என்று கூப்பிட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தவள் சுத்தியல் விழுகிற வரைக்கும் விடவில்லை. இரட்டைக் கண்ணாடிக்காரர்தான் எடுத்தார். எவ்வளவுக்கு என்று கேட்காதே, வெளியே சொல்லக் கூடாதென்று உன் பெரியம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவர் பெட்டியோடு எங்களிடம் வந்தார். அக்கா அவரிடம், "லாக்கர்ல போட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தன் வீட்டு மேஜையில் தினமும் பார்க்கிற இடத்தில் வைப்பதாகச் சொல்லி, இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவர் படியிறங்கிப் போகிறதைப் பார்த்தேன், அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. தெருமுனைக் கடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே டீ குடித்தோம், அவள் என் சட்டைக் காலரைத் தடவி, இந்த வயதிலும் இஸ்திரி போடத் தெரியவில்லை என்றாள்.

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நம் வீட்டுக்கு வந்தாள், இன்று பத்தொன்பதாவது நாள். உன் அறையில்தான் படுக்கிறாள், உன் அலமாரியை நான் தொடவில்லை, பயப்படாதே. ரேடியோ சத்தத்துக்காக அவளும் அப்பாவும் காலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். சாயந்தரம் அவளைக் கைபிடித்துத் தெருவில் கூட்டிப் போகிறேன், எதிரே என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன். மஞ்சள் சைக்கிள், பூனை, பால்கனியில் துணி உலர்த்துகிறவள். நான் எதையாவது விட்டுவிட்டால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, "இன்னும் ஏதோ இருக்கு, சரியாப் பாத்துச் சொல்லு" என்கிறாள். உண்மையில் இருக்கிறது. இந்தத் தெருவில் முப்பது வருஷமாக நடக்கிறேன், மூன்றாவது வீட்டு மாடிக் கைப்பிடியில் இரும்புப் பறவைகள் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

கண்ணே, நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, சிரித்த முகமாக நீண்ட காலம் வாழ வேண்டும், எங்கள் மூன்று பேரின் ஆசீர்வாதமும் உங்களுக்கு உண்டு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படியில் ஓடாதே. இன்னொன்று, மறந்துவிடாதே. இனி நீ எழுதுகிற கடிதத்தை நான் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கும், பெரியம்மா இப்போதே எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் நீளமாக எழுது, அங்கே உன் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒன்று விடாமல் எழுது. எனக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தனித்தாளில் எழுதி நாலாக மடித்து வை, அதைப் படிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வேன், அவள் தூங்கின பிறகு படிப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா