உன் வகுப்பில் நான் எடுத்த சமநிலைப் பாடம்

மாலுக்கண்ணு,

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசிவிட்டேன். உன்னிடம் மட்டும்தான் நிஜத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு உன்மேல் பொறாமைடி. நீ போன பிறகும் அது போகவில்லை.

உனக்குத் தெரிந்திருக்குமா? தெரியாத மாதிரி இருந்தாயா?

நாம் இரண்டு பேருமே வேதியியல் டீச்சர். நான் கே.கே. நகரில் நிதியுதவி பெறும் பள்ளியில். நீ திருவெள்ளறைப் பக்கம் அரசுப் பள்ளியில். என் பிள்ளைகள் வரையறையைக் கமா விடாமல் எழுதுவார்கள். வருஷா வருஷம் சென்டம் வாங்குவார்கள். ரிசல்ட் அன்று ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். அதற்கப்புறம் கடைவீதியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். உன் பழைய மாணவர்களோ சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தால் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பேசுவார்கள். நான் பக்கத்தில் உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு மட்டும் லீவு விட்ட ஒரு நாளில் உன் வகுப்பைப் பார்க்க வந்தேன் இல்லையா? "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்றேன். சும்மா இல்லை. அப்படி என்னதான் செய்கிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். ப்ளஸ் ஒன் வகுப்பு, வேதிச் சமநிலை பாடம். இரண்டு பிளாஸ்டிக் டப். ஒன்றில் தண்ணீர், ஒன்று காலி. ஒருத்தியிடம் பெரிய டம்ளர், இன்னொருத்தியிடம் சின்ன டம்ளர். இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னாய். நீ வாயைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்பெஞ்சு பையன் ஒருவன் கத்தினான்: "மிஸ், ரெண்டு டப்புலயும் தண்ணி ஒரே அளவு இல்ல. ஆனா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அவங்க இன்னும் ஊத்திக்கிட்டுதான் இருக்காங்க!"

"அப்ப நின்னு போச்சா, நடந்துக்கிட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டாய். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

நான் வராந்தாவில் நின்றபடி வியர்த்துப் போனேன். பதினெட்டு வருஷம் அந்தப் பாடத்தை எடுத்தவள் நான். சமநிலை என்றால் இரண்டு பக்கமும் சமமான அளவு என்று என் பிள்ளைகளில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டே முழு மார்க் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த திங்கட்கிழமையே டப்பும் டம்ளருமாக என் வகுப்புக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, "கடைசியில இதுதான் நடக்கப் போகுது, நோட் பண்ணிக்கங்க" என்று விடையைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். டப்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் உன்மேல்தான்.

இப்போது சொல்லப் போவதுதான் கஷ்டம்.

அந்த வருஷம் ஆசிரியர் பயிற்சியில் பேச ஆள் தேடினார்கள். பொறுப்பிலிருந்த அதிகாரி என்னிடம், "உங்க தங்கச்சி புதுசு புதுசா நடத்துறாங்களாமே, அவங்களைக் கூப்பிடலாமாம்மா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நல்லா வேடிக்கை காட்டுவா சார். ஆனா போர்ஷன் முடிக்க மாட்டா."

பொய். நீ ஒரு வருஷம்கூடப் பாடத்தை முடிக்காமல் விட்டதில்லை. அவர் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழு மார்க் வாங்க வைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினேன். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாய். முடிந்ததும் ஓடி வந்து, "கணக்கைப் படிப்படியா பிரிச்சு சொன்ன பாரு, அது எனக்கு வராதுக்கா" என்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ குடிக்கப் போனேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நீ மன்னித்துவிடுவாய் என்று பயமா? மன்னித்து, அதிலும் என்னை ஜெயித்துவிடுவாய் என்றா?

போன கார்த்திகையில் நீ ஸ்டாஃப் ரூமில் மயங்கி விழுந்தாய். கண் திறக்கவே இல்லை.

உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. பரீட்சை நெருங்குகிறதே என்று உங்கள் ஹெச்.எம். புலம்பினார். "சனிக்கிழமை நான் வரேங்க" என்றேன். உனக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். உன் பிள்ளைகளுக்கு என்னையும் பிடிக்குமா என்று பார்க்கும் ஆசை என்பதுதான் உண்மை.

முதல் சனிக்கிழமை அதே சமநிலைப் பாடம். வழக்கம்போல் வரையறையைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பெஞ்சிலிருந்து சங்கீதா எழுந்தாள். "மிஸ், முதல்ல எங்களைக் கேளுங்க மிஸ். அப்புறமா சொல்லுங்க. மாலதி மிஸ் அப்படித்தான்..."

"உங்க மாலதி மிஸ் செத்துப் போயிட்டாங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. சங்கீதா உட்காரவில்லை. "தெரியும் மிஸ்" என்றாள். "நாங்கதான் ஆட்டோவுல ஏத்தினோம்."

அது எனக்குத் தெரியாதுடி. யாரும் சொல்லவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பா பேசிட்டேன்மா. என்ன கேட்கணும், நீயே சொல்லு" என்றேன்.

அவள் மேஜையிலிருந்த என் தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். "இதைப் பாதி வச்சு மூடிட்டா, நாலு நாள் கழிச்சு தண்ணி குறையுமா?"

குறையும் என்றார்கள், குறையாது என்றார்கள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விடை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம், மாலு! நீ எப்படி இருந்தாய்? அரை மணி நேரம் கழித்து ஒருத்தி சொன்னாள்: "ஆவியாகிறதும் நிக்கல, ஆவி திரும்பித் தண்ணியாகிறதும் நிக்கல. ரெண்டும் ஒரே வேகத்துல நடக்குது. அதான் குறையல." பாடப்புத்தக வரையறை அது. நான் சொல்லிக்கொடுக்காமல் வந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, அது நீ பழக்கிவிட்ட மூளை, என்னுடையது இல்லை என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தையும் பொறாமை தின்றுவிட்டது.

அடுத்த மாதப் பயிற்சிக்கு மறுபடியும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். நீ போர்ஷன் முடிக்க மாட்டாய் என்று நான் சொன்னது பொய் என்பதை அந்த அதிகாரி முன்னாலேயே மைக்கில் சொல்வேன். இது சத்தியம். பரீட்சை முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறாமல் உன் பிள்ளைகளிடம் போவேன். முதலில் கேட்பேன், அப்புறம்தான் சொல்வேன். இதுவும் சத்தியம்.

பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே. அந்தப் பிள்ளைகள் என்றைக்காவது என்னைப் பார்த்தும் ஒரு பஸ்ஸை விட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

உன்கூடப் பிறந்த அக்கா,
விஜயா