அத்தையிடம் எடுத்த அழுகை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றைக்கும் அழுகை வரவில்லை. கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ஒரே ஒரு பெரிய காட்சி. மகன் விபத்தில் இறந்துவிட்டதாகப் போனில் சேதி வரும், தாய் அழ வேண்டும். நாடகத்தை எழுதி இயக்குகிற கோகுல்ராஜ் எல்லார் முன்னாலும் கேட்டான்: "இலக்கியா, இது அழுகையா? சளி புடிச்ச மாதிரி இருக்குது." பிரீத்தி சிரித்தாள். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேடம் அவளுக்குப் போய்விடுமாம். போனால் போகட்டும் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. எனக்கு அந்த வேடம் வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

வெங்காயம், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. கண்ணில் தண்ணீர் வருகிறது, சத்தம் மட்டும் பொய்யாகவே வருகிறது. பத்தொன்பது வயது வரைக்கும் யாருக்காகவும் நான் அழ வேண்டி வரவில்லையோ? கொடுத்து வைத்தவள்தான், போ.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் மஞ்சள் காயப்போட்ட களத்தில் அப்பா நின்றிருந்தார். ஒரு காக்கா வந்து அவர் தலையில் அடித்துவிட்டுப் போனது. அவர் சிரித்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. காக்கா தலையில் தட்டினால் உயிருக்கு ஆகாது என்பார்கள். தட்டு வாங்கியவர் செத்துவிட்டதாக வெளியூரில் இருக்கிற ரத்த சொந்தத்துக்குச் சேதி சொல்லி, அவர்கள் ஒரு மூச்சு அழுதுவிட்டால் தோஷம் கழிந்துவிடும். அழுததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு அப்படி இருப்பது ஒரே தங்கை, திருச்செங்கோட்டு முத்தாயம்மாள் அத்தை.

"எனக்குப் பொய் சொன்னா சிரிப்பு வந்துரும். நீதான் நாடகத்துல நடிக்கறயே, கூப்புடு" என்று அம்மா போனைக் கையில் திணித்தாள்.

"அத்தை... அப்பா போயிட்டாருங்க அத்தை." அவ்வளவுதான் சொன்னேன்.

முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள், நிற்கவே இல்லை. வெளியே வந்தபோது அது அத்தையின் குரலாகவே இல்லை. அடிவயிற்றிலிருந்து, தாழ்ந்து, ஆண் குரல் போல வந்தது. "அண்ணா... என்னய உட்டுட்டுப் போயிட்டியா அண்ணா..."

அம்மா போதும் என்று கை காட்டினாள். நான் போனோடு கொல்லைப் பக்கம் நடந்தேன். எதற்கு? எனக்குத் தெரியும் எதற்கு என்று. எங்கே இழுக்கிறாள், எங்கே உடைகிறாள் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். சத்தம் வராமல் நானும் கூடவே செய்து பார்த்தேன். காக்கா கதையைச் சொன்னபோது போனில் மூன்று நிமிடம் ஓடியிருந்தது. அத்தை திட்டினாள், சிரித்தாள், அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அவர் குரலைக் கேட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

வந்துவிட்டது! நான் முடித்தபோது ஒத்திகை அறையில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போட்டது. யாரும் கை தட்டவில்லை. "எங்கிருந்து புடிச்ச?" என்று கோகுல் கேட்டான், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. வேடம் எனக்கே.

பிப்ரவரி 13, வியாழன்

பாத்திரம் கழுவும்போது அந்த மூச்சு தானாக வந்தது. நான் நினைக்கக்கூட இல்லை. அம்மா அடுப்படிக்கு ஓடி வந்தாள். "உங்கத்தை வந்திருக்குதா?" என்று என்னைத் தாண்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மறுபடியும். பஸ்ஸில், ராசிபுரம் தாண்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

நாடகம். அப்பா அத்தையையும் கூட்டி வந்திருந்தார், இரண்டாம் வரிசை. போனைக் காதில் வைத்தேன், மூச்சை இழுத்தேன். அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே நடந்தது. அரங்கம் முழுக்க அழுதார்கள். அத்தை அழவில்லை. தன் வீட்டுச் சாமானை வேறு வீட்டில் பார்த்துவிட்டவள் மாதிரி என் வாயையே பார்த்தாள். அவள் கை மெல்லப் போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

முதல் பரிசு. "நல்லா பண்ணுன சாமி" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பிப்ரவரி 22, சனி

"எம்புள்ளைக்கு விவரம் வந்துருச்சு" என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். வந்துவிட்டது அப்பா. எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மார்ச் 2, ஞாயிறு

தனியாகத் திருச்செங்கோடு போனேன். அத்தை கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். பாதி முறம் ஆனதும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் உடனே சொல்லியிருக்கலாம் அத்தை. நீங்க அழுகறதக் கத்துக்கறதுக்கு வேணும்னே நின்னேனுங்க."

அவள் நிமிரவில்லை. "நாடகத்துலயே தெரிஞ்சுது."

இன்னும் இரண்டு கடலைக்காயை உரித்து முறத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் அழுகறப்ப அந்தப் பக்கம் மூச்சு கேட்டுது. நான் இழுத்தா இழுக்குது, நான் உட்டா உடுது. எங்கண்ணன்தான் வந்து நிக்குதுன்னு நெனச்சேன். அதான் நிறுத்தாம அழுதேன். நிறுத்துனா போயிருமேன்னு."

அவள் எழுந்து கை கழுவினாள், சோறு போட்டாள், தயிர் ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். ஏறும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்று சொன்னாள்:

"ஊடு சேந்ததும் உங்கம்மாவ போன் பண்ணச் சொல்லு. நீ பண்ண வேண்டாம் சாமி."