உப்பளச் சூடு

மாமா,

வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நேற்று போனில் அழுதீர்கள். மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடியும்வரை கூட்டிவர மாட்டேன்.

குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டியபின் நீங்கள் சரக்கைத் தொடவில்லை. அந்தப் பெருமையில், மூத்திரத்தில் ரத்தம் வந்தபோதும் உப்பளத்தில் வேலை செய்கிற சூடு என்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். “இவரு குடிக்கறதே இல்லீங்க” என்று பாண்டிச்சேரி டாக்டரிடம் நானே அடித்துச் சொன்னேன். “பவுடர் எதனா இழுக்கறாராம்மா?” என்று அவர் கேட்டதும் நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

நீங்கள் இழுத்தது கெட்டமைனாம்; அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டேன். மூத்திரப்பையை அது அரித்துவிடுமாம். குடியைப் போல இதுவும் நோய்தானாம், வைத்தியம் உண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இளநீர் கொண்டுவர மாட்டேன். எப்போது ஆரம்பித்தது என்று எனக்கும் சொல்லுங்கள். திட்டுவேன். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி