நிற்கிற வண்டியின் விளக்கு

இன்று மதியம் ஆய்வகத்தில் ஒரு மாணவி சூடான சால்டரிங் அயர்னைப் பேஸ்ட்டில் தொட்டாள். புகை எழுந்து என் பக்கம் வந்தது. அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. இருபத்தைந்து வருடமாக அதற்குள்தான் நின்று பாடம் நடத்துகிறேன். ஆனால் அந்தப் பெண் ஒரு சின்ன எல்.இ.டி.யைக் கம்பியோடு பற்றவைத்து முடித்ததும், அது எரிகிறதா என்று பார்க்க உள்ளங்கையைக் குவித்து அதன்மேல் நிழல் பிடித்தாள். நீங்கள் அப்படித்தான் பார்ப்பீர்கள். தீக்குச்சியைக் காற்றிலிருந்து காப்பாற்றுவது போலக் கையை வைத்துக்கொண்டு, "எரியுதுங்க மேடம், எரியுது" என்பீர்கள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. இறந்தவர்களுக்கு எழுதுவது எங்கேயும் போய்ச் சேராது என்பது என் எண்ணம். அது உங்களுக்கும் தெரியும், அதற்காக என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். சேராவிட்டாலும் பரவாயில்லை. சொல்ல வேண்டியதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் கல்லூரி நூலகர், நான் இயற்பியல் ஆசிரியை. இருபது வருடம் ஒரே மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்தோம். ஒரே வயதுதான், ஆனாலும் ஒருநாளும் நாம் 'நீ' என்று பேசிக்கொண்டதில்லை. உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் மட்டும் 'மேடம்' போய் 'அம்மணி' வரும்.

அந்தப் பொம்மை ரயில் எஞ்சினை நீங்கள் எனக்குக் காட்டியதே பல வருடம் கழித்துத்தான். நூற்பு மெஷின் பயிற்சிக்கு ஜெர்மனி போன உங்கள் தம்பி வாங்கி வந்தது. ஒன்றரைச் சாண் நீளம், கறுப்பு நீராவி எஞ்சின், பின்னால் கரி சுமக்கும் டெண்டர். பீளமேட்டு வீட்டில் உங்கள் அறையைச் சுற்றி, கட்டிலையும் அலமாரியையும் வளைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தீர்கள். பம்ப்செட் கடை வைத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர் தன் கையாலேயே அடித்துக் கொடுத்த பலகை. ஜன்னலுக்குக் கீழே ஒரு அட்டையில் 'கொடுமுடி' என்று மஞ்சளில் கறுப்பாக எழுதி நிறுத்தியிருந்தீர்கள்.

மின்சாரக் குமிழைத் திருப்பினீர்கள். வண்டி ஒரு சுற்று வந்தது. அட்டைக்கு நேராகக் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதும் நின்றது. முகப்பு விளக்கும் அணைந்தது.

"பாருங்க. செத்துப்போச்சு" என்றீர்கள்.

மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது, அதை நிறுத்தினால் இரண்டும் நிற்கும் என்று விளக்கினேன். வகுப்பில் சொல்வது போலச் சொல்லியிருப்பேன்.

"அதெல்லாம் சரிங்க மேடம். நின்னாச் சாகற வண்டிய நான் எங்கயும் பார்த்ததில்லீங்க."

உங்கள் அப்பா கொடுமுடியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எதிர் வண்டி கடந்துபோகும்வரை பாசஞ்சர் வண்டி பக்கத்துத் தடத்தில் காத்து நிற்குமாம். பொழுது சாயும் நேரத்தில் முன் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்குமாம். "ஓடற வண்டி எல்லாருக்குமுங்க. நிக்கற வண்டிதான் ஸ்டேஷன்காரங்களுக்கு" என்றீர்கள். பிறகு, எதையோ கேட்கக் கூடாததைக் கேட்பது போல, "இது நிக்கறப்பவும் லைட்டு எரியற மாதிரி, மூச்சு வுடற மாதிரி, பண்ண முடியுங்களா?"

"ஒரு பொம்மைக்கு இவ்வளவா?" என்றேன்.

"பொம்மைங்கறதாலதானுங்க கேக்கறேன். நெச வண்டிய உங்ககிட்டக் கொண்டாந்தா கொடுப்பேன்?"

நான் சிரித்தேன். நான் அடிக்கடி சிரிக்கிறவள் இல்லை. எஞ்சினைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

மூச்சைப் பிடிக்க மேட்டுப்பாளையம் போனோம், நினைவிருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இருபது விநாடி ஒலியைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு எலெக்ட்ரானிக் சில்லு அப்போது கடைக்கு வந்திருந்தது. அதில் போட நல்ல ஒலி வேண்டும். மலை வண்டி பிளாட்பாரத்தில் நிற்க, நீங்கள் டேப் ரெக்கார்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் போய் நின்றீர்கள். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரேடியோவுக்குப் பேட்டிங்களா?"

"நீங்க பேச வேண்டாமுங்க. உங்க வண்டி மூச்சு வுடறது மட்டும் போதும்."

"அதுக்கு மட்டுமா வாங்குது? எனக்கும்தான் வாங்குது. என்ற மூச்சையும் சேத்துப் புடிச்சுக்குங்க!"

"உங்களுது கேட்டா வண்டி மலை ஏறாதுங்க" என்றீர்கள். அவர் மட்டுமல்ல, பிளாட்பாரத்தில் இருந்த பாதிப் பேர் சிரித்தார்கள். எடுத்த ஒலியில் முக்கால் வாசி சிரிப்புதான். கடைசியில் ஒரு இருபத்தைந்து விநாடி மட்டும் சுத்தமாகக் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சிரித்துச் சிரித்து வந்த வலி என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள்.

அடுத்த மாதமே ஆஸ்பத்திரி, பரிசோதனை, ஆபரேஷன். வயிற்றுக்குள் கட்டி பரவியிருந்தது. ரிப்போர்ட்டை உங்கள் வீட்டுக்காரர் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார், ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல. டாக்டர் அவரிடம் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தார். நான் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டேன். எண்களை நம்பிப் பழகியவள் நான்.

அதற்குள் எஞ்சினில் விளக்கு வேலை முடிந்திருந்தது. இதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. பழைய பல்பை எடுத்துவிட்டு மஞ்சள் எல்.இ.டி. வைத்தேன். டெண்டருக்குள் ஒரு கண்டென்சரைப் படுக்க வைத்தேன். வண்டி ஓடும்போது அது மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும், நின்றதும் விளக்குக்குக் கொடுக்கும். என் மேசைமேல் நாலடித் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். மின்சாரத்தை நிறுத்தினேன். எஞ்சின் நின்றது. விளக்கு எரிந்தது. மெல்ல மெல்ல மங்கி நாற்பதாவது விநாடியில் அணைந்தது. ஆனால் மூச்சுச் சத்தத்துக்கு அந்த மின்சாரம் பற்றவில்லை. இரண்டு விநாடி புஸ்ஸென்று வந்து பாதியில் அறுந்தது.

நோட்டில் எழுதி வைத்தேன்: 'விளக்கு 40 விநாடி. ஒலி இல்லை. போதாது.'

அப்படியே கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாத கருவி எதுவும் என் ஆய்வகத்தைவிட்டு வெளியே போனதில்லை. கண்டென்சரைக் கழற்றினேன். கார்ட்லெஸ் போனில் இருக்கும் சார்ஜ் ஏறும் பேட்டரியை வாங்கி, டெண்டரின் உட்புறத்தை அரம் வைத்து ராவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நீங்கள் வாரம் ஒருமுறை போன் செய்தீர்கள்.

"ஏனுங்க, வேலையா இருக்கறீங்களா? ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்பிட்டேன்."

"இன்னும் பத்து நாள் ஆகுங்க. சத்தம் கரகரன்னு வருது."

"மெதுவாச் செய்யுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

மோட்டாரில் பறக்கும் பொறி ஒலிச் சில்லைத் தொந்தரவு செய்தது. அந்தக் கரகரப்பைத் துரத்திக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தேன். இடையில் உங்களைப் பார்க்க வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். கை மணிக்கட்டு வளையலுக்குள் ஆடியது. உங்களைச் சுற்றிலும் வெறும் தண்டவாளம். அது பளபளவென்று இருந்தது.

"தூசி படிஞ்சா கரண்டு புடிக்காதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? தெனமும் தொடச்சுப்போடறேன். நான் இல்லீன்னா இவரு தொடைப்பாரு."

"இன்னும் ரெண்டு வாரம்" என்றேன்.

"அட, அவசரமில்லீங்க மேடம். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

உங்கள் வீட்டுக்காரர் என்னை வழியனுப்பக் கேட்வரை வந்தார். கேட்டின் கொண்டியைத் திறந்து பிடித்துக்கொண்டார். பிறகு, "அதுல இன்னும் நெம்ப வேலை இருக்குதுங்களா?" என்று கேட்டார். சத்தத்தைப் பற்றி, பொறியைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரீங்க. நீங்க பார்த்துச் செய்யுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் அவரும்.

நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். என் வீட்டுக்கு வந்து, "இப்பத்தானுங்க சாப்பிட்டேன், வேண்டாமுங்க" என்று சொன்ன எவரையும் நான் இலை போடாமல் அனுப்பியதில்லை. வேண்டாம் என்பதை ஒருபோதும் நம்பியதில்லை. இரண்டாம் முறை வேண்டாம் என்றாலும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வேன். சாப்பாட்டில் அது எனக்குத் தெரியும். உங்கள் அவசரமில்லீங்களை மட்டும் அப்படியே வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். வாரம் தவறாமல் ஒருத்தி போன் செய்து அவசரமில்லை என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கரகரப்பு நின்றது. மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு பொட்டுக் கண்டென்சர், அவ்வளவுதான். முதலாண்டு மாணவிகளுக்கு நானே சொல்லித்தரும் விஷயம். எஞ்சின் ஓடியது, நின்றது, விளக்கு எரிந்தது, மேட்டுப்பாளையத்து மூச்சு வந்தது. உடனே கிளம்பியிருக்கலாம். பஸ் இருந்தது. டெண்டரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கம்பி தெரிந்தது. அது கண்ணை உறுத்தியது. கறுப்புப் பெயிண்ட் தொட்டு அடித்தேன். காயட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏனுங்க மேடம்" என்றார். அதன்பிறகு அவரால் பேச முடியவில்லை. நான்தான், "இதோ வாரேனுங்க" என்றேன். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் மூன்று மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து எஞ்சினைக் கொண்டுபோனேன். தண்டவாளத்தைக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். அப்படியே இருந்தது, துடைத்தும் இருந்தது. கட்டில் மட்டும் இல்லை. நான் குமிழைத் திருப்ப, அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு சுற்று. கொடுமுடி அட்டைக்கு நேராக நிறுத்தினேன். விளக்கு எரிந்தது. எஞ்சின் மூச்சு விட்டது. இருபது விநாடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எப்பங்க நிக்கும்?"

"பேட்டரி தீர்ந்தா நிக்குமுங்க. பத்து, பன்னெண்டு நிமிசம். வேணும்னா கீழே ஒரு பட்டன் இருக்குது, இப்பவே நிறுத்திரலாம்."

"வேண்டாமுங்க" என்றார்.

இந்த 'வேண்டாமுங்க' எனக்குப் புரிந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். கடைசியில் மூச்சு இழுத்து இழுத்து வந்து நின்றது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் விளக்கு மட்டும் எரிந்தது. அவர் எழுந்து போய், உள்ளங்கையைக் குவித்து அதன்மேல் நிழல் பிடித்துப் பார்த்தார். உங்களிடமிருந்து கற்றதா, அவரிடமிருந்து நீங்கள் கற்றதா, நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது எஞ்சினைத் துண்டில் சுற்றி என் கையில் வைத்தார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்று மறுத்தேன். "நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்க" என்று பையைத் திறந்து உள்ளே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதை என் மேசைத் தண்டவாளத்தில் ஓட்டுகிறேன்; ஓட்டாவிட்டால் பேட்டரி கெட்டுவிடும். மற்றவர்களிடம் அந்தக் காரணத்தைத்தான் சொல்கிறேன். ஆய்வகத்தில் யாராவது ரெக்கார்டு நோட்டை நீட்டி, "அவசரமில்லீங்க மேடம்" என்றால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அப்போதே பார்த்துக் கொடுக்கிறேன். மேடம் இப்போது மாறிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

டெண்டரிலிருந்து கழற்றிய அந்த முதல் கண்டென்சர் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்று வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, மின்சாரம் ஏற்றி, ஒரு மஞ்சள் எல்.இ.டி.யைச் சேர்த்துப் பார்த்தேன். இப்போதும் வேலை செய்கிறது. கையைக் குவித்துக்கொண்டு எண்ணினேன். நாற்பது. உங்கள் அறையில், ஜன்னலுக்குக் கீழே, அந்த அட்டைக்கு நேராக ஒரு வண்டி நாற்பது விநாடி நின்றிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டில் 'போதாது' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை நான் அடித்துத் திருத்தவில்லை.