பென்சிலில் ஒரு வாக்கு

ஜூன் 3

என்னங்க,

நலம்தானே? நானும் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் வந்த உங்கள் கடிதத்தில் செல்லரித்த ஏதோ ஒரு சுவடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம், என்னைப் பற்றி ஒன்றரை வரி. டியூட்டி அறையில் சின்ன நர்ஸிடம் கொஞ்சம் படித்துக் காட்டினேன். "யாருக்கு மேடம் உடம்பு சரியில்ல?" என்று கவலையாகக் கேட்டாள்.

வீட்டுக்காரர் இரண்டாவது அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டார். உங்கள் மேஜைக்கு ஜன்னல் ஓரத்தை ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆஸ்பத்திரிக்கு மேட்ரனாக நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ரிட்டயர் ஆனதும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் என்னை வண்டி ஏற்றினீர்கள். இதோ, இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறீர்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "வருவேன் என்றுதான் நினைக்கிறேன்." அதுவும் பென்சிலில்.

எங்கள் வார்டில் பென்சிலால் எழுதினால் அது எழுதினதாகவே கணக்கில்லை. மருந்து கொடுத்தால் பேனாவில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். பின்னால் அழிக்கலாம் என்று நினைப்பவர்தான் பென்சிலைத் தொடுவார். மூன்று வருஷமாக எல்லாக் கடிதமும் பென்சிலில்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி முடியவில்லை. போனில் கேட்டால் இரண்டு பேரும் சண்டைதான் போடுவோம். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

இரவில் ஃபேனைக் குறைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள்,
மேட்ரன்


ஜூன் 11

மேட்ரனம்மாவுக்கு,

அடிக்காத குறையாகத் திட்டியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துச் சுவடி அறைக்குள் பேனாவுக்கு அனுமதி கிடையாது. ஒரு சொட்டு மை சிந்தினால் இருநூறு வருஷத்துத் தாள் போயிற்று. துணைவேந்தரே வந்தாலும் சட்டைப் பையிலிருக்கும் பேனாவை வாசலில் காவலாளி வாங்கி வைத்துக்கொள்வார். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறவன். கைக்குக் கிடைப்பது பென்சில்தான். இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை பார், அவ்வளவு மரமண்டை.

இங்கே ஒரு விபரீதம் நடந்துவிட்டது. மேல் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இரண்டு வரிசை அலமாரி நனைந்துவிட்டது. பழைய வைத்தியர் ஒருவரின் குறிப்பேடுகளில் மை மொத்தமும் ஓடிவிட்டது. ஓரத்தில் அவர் பென்சிலால் கிறுக்கியது மட்டும் நேற்று எழுதியதுபோல நிற்கிறது. பேனாவைப் புகழும் ஆளுக்கு இதைக் காட்ட ஆசை.

தாளுக்குத் தாள் இடையில் தண்ணீர் உறிஞ்சும் தாள் வைத்து, அது நனைந்ததும் மாற்றி, மறுபடி வைத்து, ஃபேன் காற்றில் காய வைக்கிறோம். வெயில் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. கை போதவில்லை. படித்தவராக இருக்க வேண்டாம், பொறுமையான கை இருந்தால் போதும்.

வேலை முடியும்வரை, ரிட்டயர் ஆன பிறகும், என்னை இருக்கச் சொல்கிறார் நூலக இயக்குநர். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன்,
புத்தகப் புழு


ஜூன் 17

என்னங்க,

நனைந்த காகிதத்துக்கு நீங்கள் பார்க்கும் பணிவிடையைப் படித்தேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நானே எழுந்து வெந்நீர் வைத்துக் குடித்தேன். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன், இப்போது சொல்லிக்காட்டுகிறேன். காகிதத்தின் மேல் பொறாமையா என்று கேட்காதீர்கள். ஆமாம், பொறாமைதான்.

"நீ என்ன சொல்கிறாய்" என்று என் தலையில் கட்ட வேண்டாம். நான் 'இருங்கள்' என்றால் ஆயுசுக்கும் இருப்பீர்கள், 'வாருங்கள்' என்றால் ஆயுசுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். வருகிறீர்களா இல்லையா, நீங்களே முடிவு செய்யுங்கள். பேனாவில், தேதி போட்டு, கையெழுத்தோடு எழுதுங்கள். வரவில்லை என்றால் அந்த அறையைச் சின்ன நர்ஸுக்குக் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

மேட்ரன்


ஜூன் 24

மேட்ரனம்மாவுக்கு,

காய்ச்சல் வந்ததை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பீர்கள் என்று நீ கேட்பாய். நியாயம்தான்.

இனியும் இருக்க முடியாது என்று இயக்குநரிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பாதி நனைந்த கட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வருவது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. நீ தனியாக எழுந்து வெந்நீர் வைத்தது அதைவிட வலிக்கிறது.

நீ கேட்டபடி மிச்சத்தைப் பேனாவில் எழுதப் போகிறேன். படியிறங்கிப் போய், வாசல் காவலாளியிடம் ஒரு பேனா இரவல் வாங்கி எழுதுகிறேன்.

சாவிகளை ஒப்படைத்துவிட்டு, ஜூலை 20ஆம் தேதி மாலை வண்டியில் வந்து சேருவேன். இது என் வாக்கு.

உன்,
புத்தகப் புழு


ஜூலை 1

என்னங்க,

இரண்டு நாளாக இங்கே அடைமழை. தபால்காரர் உங்கள் கடிதத்தைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார். உறையில் விலாசமே இல்லை, வெறும் நீலத் தண்ணீர்தான். "பாதி நம்பர் தெரிஞ்சுதும்மா, உங்க வீடாத்தான் இருக்கும்னு வந்தேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதியது ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. "அதைவிட வலிக்கிறது" என்பதை நாலைந்து தடவை படித்தேன். அதற்குக் கீழே, நீங்கள் பேனாவில் எழுதிய இடம் முழுக்க ஒரே நீலக் குளம். என்ன தேதி போட்டீர்களோ, வருகிறேன் என்றீர்களோ, எதுவுமே தெரியவில்லை.

இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிவிட்டேன். அப்புறம் நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. வார்டிலிருந்து பஞ்சுத் துணி கேட்டு வாங்கி வந்து, மேலும் கீழும் வைத்து, நனைய நனைய மாற்றினேன். ஒரே ஒரு தாளுக்கே அன்றைய பகல் போய்விட்டது. இரண்டு வரிசை அலமாரியை நினைத்துப் பார்த்தேன். உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

தேதியைப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்காகப் படியிறங்கிப் போய்ப் பேனா இரவல் வாங்கினீர்கள், அது போதும். சேர்த்து வைத்த லீவையெல்லாம் எடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை வண்டியில் நான் அங்கே வருகிறேன். இயக்குநரிடம் போய், மாட்டேன் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு கை வருகிறது என்று சொல்லுங்கள். வாய்க்குத்தான் பொறுமை இல்லை, கைக்கு உண்டு. எல்லாம் காய்ந்ததும் இருவருமாக இங்கே திரும்புவோம். ஜன்னல் ஓரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

வாசல் காவலாளியிடம் சொல்லி வையுங்கள், என் பையைச் சோதிக்க வேண்டியதில்லை. நானும் பென்சிலோடுதான் வருகிறேன். இந்தக் கடிதமே அதில்தான் எழுதினேன்.

உங்கள்,
மேட்ரன்