சவரியம்மா மெஸ்ஸின் முதல் தட்டு

மார்ச் 3, செவ்வாய்

சவரியம்மா மெஸ்ஸுக்கு நகராட்சி சீல் வைக்கவில்லை. ஆதாரம்: அன்று சோதனைக்குப் போன சுகாதார ஆய்வாளர். ஓய்வு பெற்று சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். இன்று காலை போனில், இருமலுக்கு நடுவே இரண்டு முறை சொன்னார்.

"சீலும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கொழம்பப் பாத்தேன், கோழியப் பாத்தேன். எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு. அந்தம்மாவே பூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஊர் இத்தனை வருஷமாக "செத்த கோழி சமைச்சாங்க, சீல் வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்போது பத்திரிகையில் என்னை ஓசூருக்கு மாற்றியிருந்தார்கள். திரும்பி வந்தபோது கதவில் பூட்டு. எதிர்க்கடையில் கேட்டதற்கு ஒரு சிரிப்பு மட்டும்.

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. கேஸ் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

ஓட்டல்காரர்கள் சங்கத்து மலரில் "மூடிய ஓட்டல்கள்" பகுதி என் பொறுப்பு. 15ஆம் தேதி ஞாயிறு மண்டபத்தில் வெளியீடு, பிறகு விருந்து. எழுதி அனுப்பியவை:

மஞ்சுநாத விலாஸ். சாம்பாரில் வெல்லம். எதைக் கேட்டாலும் முதலாளி "ஸ்வல்ப தாளி" என்பார். கன்னடத்தில் பொறுக்கச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை அது ஏதோ பலகாரம் என்று நினைத்திருந்தேன்.

நீலா டிபன். போண்டாவைப் பழைய வினாத்தாளில் மடித்துத் தருவார்கள். தின்று முடித்ததும் பள்ளிக்கூடப் பெண்கள் எண்ணெய் பட்ட கேள்விகளுக்கு பஸ் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ரயிலடி காபிக் கடை. கடைசி வாய் குடிக்காமல் ரயில் கார்டு கொடி காட்ட மாட்டார் என்பது ஊர்ப் பேச்சு. உறுதி செய்யப்படாதது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

சவரியம்மா மெஸ். பஸ் ஸ்டாண்டு பின்சந்து. களி, நாட்டுக்கோழிக் குழம்பு. இதற்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் போன். அப்பா ஆரம்பித்த பரோட்டாக் கடையைப் பெரிய ஓட்டலாக்கியவர். நல்ல மனிதர். பேச்சில் நெய் கொஞ்சம் கூடுதல்.

"அக்கா, பிரமாதமா எழுதியிருக்கீங்க. படிச்சு எங்கூட்டுக்காரம்மா அழுதுட்டாங்க. நாலாவது ஓட்டல மட்டும் எடுத்துருங்க."

"ஏங்க?"

"அந்தச் செத்த கோழி மேட்டருங்க."

"அது நடக்கல. விசாரிச்சாச்சு."

"நடந்துச்சோ நடக்கலியோ, ஜனங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களே. விருந்துக்கு வர்றவங்க கையில மலரக் குடுத்து, செத்த கோழிய ஞாபகப்படுத்துனா யாருங்க பிரியாணியில கை வெப்பாங்க?"

"மஞ்சுநாத விலாஸ் சாம்பார்ல பல்லி விழுந்துச்சே, அத எடுக்கச் சொல்லலியே."

"அது ஒரு நாள் மேட்டருங்கக்கா."

எடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "ரிட்டயர் ஆயிட்டேன்னு யாராச்சும் அவளுக்குச் சொல்லுங்கப்பா" என்றார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யாரிடம் சொன்னாரோ.

ஏன் எடுக்க மாட்டேன் என்பதை எனக்காக எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் தனியாகச் சாப்பிட வரும் பெண்ணை "ஃபேமிலி ரூம்" பக்கம் கை காட்டுவார்கள். பலகைத் தடுப்பு, அழுக்குத் திரை, ஓடாத ஃபேன். எனக்கு ஃபேமிலி இல்லை, பசிதான் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள். சப்ளையர் திரையை விலக்கும்போது ஒரு தடவை இருமுவார். உள்ளே நான் மட்டும், தோள்பையோடு.

சவரியம்மா மெஸ்ஸில் திரை கிடையாது. முதல் நாள் வாசலில் தயங்கி நின்றேன். "வா கண்ணு, முன்னால ஒக்காரு. காத்து வரும்" என்று முன் மேசையைக் காட்டினார். பெங்களூர் வண்டி டிரைவர்கள் "முத்தே, முத்தே" என்று களி கேட்டுக் கத்திக்கொண்டிருந்த இடத்தில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவரிடம், "ஏன்யா, ஒந்தட்டுல ஒண்ணும் இல்லியா?" என்றார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம். தினமும் முதல் தட்டு அவருடையது. சட்டி இறங்கியதும், வாசல் பார்த்த அதே மேசையில் உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டு அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. கலெக்டர் ஆபீசிலிருந்து ஜீப் வந்து நின்றாலும் அதுதான். "ஆக்குனவ வாயில வெக்காத சோத்த எவனுக்குப் போடறது?" என்பார்.

அந்தக் கையைப் பார்த்தவள் நான். செத்த கோழியா?

மார்ச் 6, வெள்ளி

இண்டூர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் காய்ந்து கிடக்கிறது. சவரியம்மா மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, காது நன்றாகக் கேட்கிறது, நாக்கு அதைவிட நன்றாக.

"யாரு, அந்தக் குச்சி ரிப்போர்ட்டரா? என்னா கண்ணு, இப்பிடி ஒடம்பு போட்டுட்ட?"

"உங்க களிதான்."

"எங்களி தின்னவ எவளும் ஊதல. இது வேற ஏதோ ஓட்டலு."

தவக்கால வெள்ளி. வீட்டில் கறி இல்லை. பச்சைப்பயறு கடைசல், சோறு. சாப்பிட்ட பிறகு கேட்டேன். ஆய்வாளர் சொன்னதைச் சொன்னேன். சேலைத் தலைப்பை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்.

அந்த வருஷம் ஈஸ்டர் வியாபாரத்துக்குச் சொல்லியிருந்த கோழிகளைச் சனிக்கிழமை கொண்டுவராமல் பெரிய வியாழன் சாயங்காலமே வியாபாரி இறக்கிவிட்டுப் போய்விட்டான். பெரிய வெள்ளி கடை கிடையாது, கத்தி எடுக்கக் கூடாது. கோழிகளைப் பின்பக்கத் தகரக் கொட்டாயில் விட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். வெள்ளி பகல் முழுக்க அங்கேயேதான். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்திருக்கிறது. தகரம் கொதித்திருக்கிறது. சனி காலை திறந்தால் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, கொழம்பா வெச்சேன்? சின்னசாமியக் கூப்பிட்டு மூட்டையில கட்டி, கொண்டுபோய்ப் பொதைச்சுட்டு வாடான்னேன். அவன் மொபெட்டுல வெச்சுக்கினு போனத ஊரு பாத்துச்சு. திங்கக்கெழமைக்குள்ள நான் செத்த கோழி வாங்கறவளாயிட்டேன்."

பேனாவை நிறுத்திவிட்டேன். செத்ததைச் சமைக்க மாட்டேன் என்று தூக்கிப் போட்ட பெண். ஊருக்கு அந்த மூட்டையே அவர் சமைத்ததற்குச் சாட்சி.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்னான்னு? பொதைச்சேன்னு சொன்னா, செத்தது கடையில இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? 'பொதைச்சது எத்தினி, பொதைக்காதது எத்தினி'ம்பானுங்க. அதுக்கு மேல என்னா கண்ணு பதிலு?"

பேனாவை மறுபடி எடுத்து அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் அதே மேசையில் உட்கார்ந்து முதல் தட்டைச் சாப்பிட்டிருக்கிறார். மேசையை வாசலுக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு. சந்தில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டாவது தட்டு கேட்டு யாரும் உள்ளே வரவில்லை. ஒரு நாள் சாப்பிட்டு, கை கழுவி, பூட்டிவிட்டு, பஸ் ஏறிவிட்டார்.

மலரில் போடலாமா என்று கேட்டேன்.

"போடு. பேரு, சந்து, எல்லாம் போடு. பாவம்னு மட்டும் போட்டுறாத, ஆமா."

ஐந்து மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கிளம்பிவிட்டார். என்னை அனுப்பும்போது மகளிடம், "காபி குடுத்தியா? ரிப்போர்ட்டருங்க காபி குடுக்காத வூட்டத் தப்பா எழுதுவாங்க."

மார்ச் 8, ஞாயிறு

ஏரியூர். ஒருவர் சொன்னதை வைத்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அவர் சவரியம்மாவாக இருந்தாலும்.

சின்னசாமி நிலக்கடலைக் காட்டில் இருந்தார். மெஸ்ஸில் விறகு, தண்ணீர், சந்தை எல்லாம் பார்த்தவர். இப்போது பேரன் கல்லூரியில். மூட்டையைப் பற்றி நான் சொல்லாமல், "ஈஸ்டருக்கு முந்தின நாள் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"குழி தோண்டுனது நானுங்க. சேலம் ரோட்டுப் பக்கம் பொறம்போக்குல. தரை கல்லாட்டம். கை காச்சுப்போச்சு."

தகரக் கொட்டாய், கவிழ்ந்த சட்டி, பாதிக்கு மேல் என்ற கணக்கு. எல்லாம் பொருந்துகிறது.

"வழியில யாராவது கேட்டாங்களா?"

"எதிர்க்கடை பரோட்டா மாஸ்டருதான். என்னடா மூட்டைன்னாரு. மெஸ்ஸு கோழி, செத்துப்போச்சுன்னேன். அவ்ளோதானுங்க நான் சொன்னது." கொஞ்சம் நிறுத்தி, "அதுல பொய்யி ஒண்ணும் இல்லீங்களே?" என்றார்.

இல்லை என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

எதிர்ப் பரோட்டாக் கடை ராஜமாணிக்கத்தின் அப்பாவுடையது. மாஸ்டர் இறந்துவிட்டார். யாரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. எழுத மாட்டேன்.

திரும்பும் வழியில் பென்னாகரத்தில் டீ. சர்க்கரை வேண்டாம் என்றேன், போட்டார்கள், குடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

ராஜமாணிக்கம் கல்லாவில். மதியக் கூட்டம் முடிந்திருந்தது. எல்லாம் சொன்னேன், மாஸ்டர் விஷயம் தவிர. கவனமாகக் கேட்டார். பிறகு, "மூட்டையப் பத்தி எங்கப்பாகூடச் சொல்லியிருக்காரு" என்றார் மெதுவாக. நான் மேலே கேட்கவில்லை.

"ஒண்ணு பண்ணலாங்கக்கா. மெஸ்ஸப் போட்டுரலாம். களி, கொழம்பு, டிரைவருங்க எல்லாம் இருக்கட்டும். கடைசியில 'சில காரணங்களால் மூடப்பட்டது'ன்னு ஒரு வரி. யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

"அந்தம்மாவுக்கு?"

"பேரு வருதுங்களே."

இதுதான் என் வரி என்று அவருடைய பில் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: "செத்த கோழிகளைச் சமைக்காமல் புதைத்ததால் எழுந்த பொய்ப் பேச்சால் இந்த மெஸ் மூடப்பட்டது. சோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை."

இந்த வரி வராவிட்டால் என் பகுதி முழுவதும் வர வேண்டாம் என்றேன்.

"அட்டை அச்சாயிடுச்சேக்கா, ஒங்க பேரு போட்டு!"

"அதனாலதான் இன்னிக்கு வந்தேன்."

சிரித்துவிட்டார். வேறு வழியில்லாத சிரிப்பு. கமிட்டியில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கிளம்பும்போது பரோட்டா கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காக வரியை மாற்ற முடியாது.

மார்ச் 11, புதன்

கேஸ் வந்தது. மேகம் கூடிக் கலைந்தது, ஒரு தூறல் இல்லை.

சவரியம்மாவுக்குப் போன் செய்து "சில காரணங்கள்" பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சில காரணம்னா எந்தக் காரணம்? படிக்கறவன் அவனவன் வாயில வர்றதப் போட்டு நெரப்பிக்குவான். அதுக்கு என் பேரு எதுக்கு? எடுத்துரச் சொல்லு."

"எடுக்க விடமாட்டேன். என் வரியோட வரும், இல்லன்னா மொத்தமும் வராது."

"வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். இங்க பாரு கண்ணு, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வர்றேன். மண்டபத்துக்கு உள்ள எனக்கு எடம் வேணாம். வாசல்ல, ரோட்டோரம், அடுப்ப வெக்கறேன். சின்னசாமிகிட்ட வெறகு சொல்லியாச்சு. கோழி உசுரோட வருது, கூடையில. எல்லாரும் பாக்கறாப்பல. கூவட்டும் நல்லா."

"முட்டி வலி?"

"அடுப்புக்கு முட்டி எதுக்கு? ஒரு மேசை மட்டும் நீ எடுத்துக்கினு வா. தெருவப் பாத்துப் போடணும்."

மண்டபத்து வாசலில் போலீஸ் ஏதாவது சொல்லுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னால் பேசிக்கொள்ளலாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, நம் வீட்டு மடக்கு மேசையைத் துடைத்து வராந்தாவில் சாய்த்து வைத்திருந்தார்.

இன்று இரவு வரை நிலவரம்:

என் வரி: கமிட்டி முடிவு நாளை, வியாழன் மாலை. அன்றே அச்சுக்குப் போகிறது.

அடுப்பு: ஞாயிறு, மண்டபத்து வாசல். உறுதி. ஆதாரம்: சவரியம்மா, போனில். விறகு பற்றிச் சின்னசாமியும் உறுதி செய்தார்.

முதல் தட்டு அவருக்கு. இரண்டாவது எனக்கு.

மூன்றாவது தட்டை யார் கேட்பார் என்பது ஞாயிறு மதியம் தெரியும்.